எல்லாப் படகும் ஒன்றுபோல் இருந்தால்?

கேள்வி: ஒரே அச்சில் வார்த்த பாய்மரப் படகுகளுக்குள் போட்டி வைப்பதில் என்ன சுவாரசியம்?

பதில்: சுவாரசியமே அதில்தானே! சென்னைப் பெண் நேத்ரா குமணன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் ஓட்டிய இல்கா 6 வகையைப் பாருங்கள். படகின் உடல், கம்பம், பாய் எல்லாவற்றுக்கும் விதி உண்டு. காசு கொடுத்து வேகம் வாங்க முடியாது. காற்றின் போக்கறிந்தவருக்கே முதலிடம். நடத்துபவர்களுக்குத்தான் தலைவலி. யாராவது பாயை மாற்றி வெட்டியிருக்கிறாரா என்று அளந்து பார்க்க வேண்டும். சீசன் அட்டவணை அதைவிடப் பெரிய பாடு. சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர்வரை புயல் பயம். மார்ச்சில் வைத்தால் பிள்ளைகளுக்குப் பரீட்சை. புள்ளிக் கணக்கு இப்படி: ஒவ்வொரு பந்தயத்திலும் முதலிடத்துக்கு 1 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 2. மொத்தத்தில் குறைந்த புள்ளிக்காரரே சாம்பியன். வழக்கமாக ஒருவரின் மிக மோசமான பந்தயத்தைக் கணக்கிலிருந்து கழித்துவிடுவார்கள். அந்தச் சலுகை இல்லாவிட்டால், ஒருமுறை கவிழ்ந்தவர் அடுத்த வாரம் கரைப்பக்கமே வரமாட்டார்!