எள்ளும் எண்ணெயும்

எள்ளிலிருந்து எடுக்கப்பட்ட நெய் என்பதே ‘எண்ணெய்’ என்னும் சொல்லின் பொருள். எள் + நெய் எனும் இரு சொற்கள் புணர்ந்து எண்ணெய் ஆயிற்று. இந்தியில் வழங்கும் ‘தேல்’ என்னும் சொல்லும், எள்ளைக் குறிக்கும் ‘திலம்’ என்னும் வடசொல்லின் வழிவந்ததே. எள்ளின் நெய்க்கு வழங்கிய பெயர், பின்னர் எல்லா வகை எண்ணெய்க்கும் பொதுப்பெயராயிற்று.

கொழுப்பு என்றாலே தீங்கு என்று சிலர் கருதுவர். அக்கருத்து சரியன்று. ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி ஆற்றலைத் தரும். ஒரு கிராம் கொழுப்போ 9 கலோரி தரும். மூளையின் வளர்ச்சிக்கும் கொழுப்பு வேண்டும். ஏ, டி, ஈ, கே ஆகிய வைட்டமின்கள் கொழுப்பில் கரைபவை. முருங்கைக்கீரையிலும் கேரட்டிலும் உள்ள பீட்டா கரோட்டின், சிறிது கொழுப்புடன் உண்ணும்போதுதான் உடலில் நன்கு சேரும். ஆகவே, கீரையை எண்ணெயில் தாளிப்பது சுவைக்காக மட்டும் அன்று. வளரும் பிள்ளைகள் கொழுப்பை அறவே ஒதுக்குவது அவர்களுக்கே இழப்பாகும்.

எல்லாக் கொழுப்பும் ஒரே தன்மையுடையன அல்ல. நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆகியவற்றில் நிறைவுற்ற கொழுப்பு மிகுதி. இவற்றை அளவோடு உண்ணல் வேண்டும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், கடுகெண்ணெய் ஆகியவற்றில் நிறைவுறாக் கொழுப்பு மிகுதி. இது இதயத்திற்கு நல்லது. நம் உடலால் உண்டாக்க இயலாத ஒமேகா-3 கொழுப்பு கடுகெண்ணெய், ஆளிவிதை, அக்ரூட் பருப்பு, மத்தி மீன் ஆகியவற்றில் உள்ளது.

வங்காளத்தில் கடுகெண்ணெயும், குஜராத்தில் கடலை எண்ணெயும், கேரளத்தில் தேங்காய் எண்ணெயும், தமிழகத்தில் நல்லெண்ணெயும் சிறப்பிடம் பெற்றுள்ளன. வெளிமாநிலங்களில் வாழும் தமிழர், இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெயையும் பிற சமையலுக்கு அவ்வூர் எண்ணெயையும் பயன்படுத்துவதுண்டு. இது நல்ல பழக்கமே. பலவகை எண்ணெய்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் பலவகைக் கொழுப்புகளும் கிடைக்கும்.

விலக்க வேண்டியவையும் உள. தாவர எண்ணெயுடன் ஹைட்ரஜன் சேர்த்து வனஸ்பதி செய்யப்படுகிறது. அவ்வாறு செய்யும்போது உண்டாகக்கூடிய டிரான்ஸ் கொழுப்பு இதயத்திற்குக் கேடு செய்யும். எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் இது 2 விழுக்காட்டிற்கு மிகக் கூடாது என்னும் விதி 2022 முதல் இந்தியாவில் நடைமுறையில் உள்ளது. பலமுறை காய்ச்சிய எண்ணெயில் பொரித்த பண்டங்களும் தீங்கானவை. அவற்றுக்கு மாற்றாக, ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ ஓர் எள்ளுருண்டையோ உண்ணலாம்.

‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பது பழமொழி. உடலின் தேவை அறிந்து உணவைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே இதன் கருத்து.

சொற்பொருள்
அறவே – முழுவதும்
மிகுதி – அதிகம்
விழுக்காடு – சதவீதம்
உள – உள்ளன

பயிற்சி
1. பிரித்து எழுதுக: எண்ணெய், வெண்ணெய், நல்லெண்ணெய்.
2. கீரையை எண்ணெயில் தாளிப்பதன் பயன் யாது?
3. பலவகை எண்ணெய்களைப் பயன்படுத்துவது ஏன் நல்லது?
4. பழமொழியின் பொருளைச் சொந்த நடையில் எழுதுக.
5. செயல்பாடு: வீட்டிலுள்ள எண்ணெய்களின் பெயர்களைத் தமிழிலும், வாழும் மாநிலத்தின் மொழியிலும் எழுதி அட்டவணை உருவாக்குக.