நீல் தீவுக்கு மூட்டை கட்டும் முன்

அந்தமானின் நீல் தீவுக்கு 2018 டிசம்பரில் ஷஹீத் த்வீப் என்று பெயர் மாற்றினார்கள். படகுத்துறையில் இன்றும் 'நீல்' என்றுதான் கூவுகிறார்கள். சீதாபூர், பரத்பூர், லட்சுமண்பூர், ராம்நகர் என்று ஊர்ப்பெயரெல்லாம் ராமாயணம். வங்காளத்திலிருந்து குடியேறியவர்கள் காய்கறி விளைவிக்கும் சின்னத் தீவு அது; சந்தடியே கிடையாது. மறந்ததை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பினால் திண்டாட்டம்தான். இரண்டு முறை போய்ப் பட்டுத் தெரிந்துகொண்டவை இவை.

1. கடிகாரம் நம்மூர்க் கடிகாரம்தான், சூரியன் வேறு. சென்னையைவிட அங்கே சுமார் 50 நிமிடம் முன்னதாக விடிகிறது, இருட்டுகிறது. டிசம்பரில் மாலை 5 மணிக்கெல்லாம் சூரியன் கடலுக்குள் போய்விடும். மதியம் சாப்பிட்டுக் குட்டித் தூக்கம் போட்டு, காபி குடித்துவிட்டு லட்சுமண்பூர் கடற்கரைக்குப் போனால் இருட்டைத்தான் பார்க்கலாம். சூரிய உதயத்துக்கு சீதாபூர். அதற்கு அலாரம் வைத்தே ஆகவேண்டும்.

2. தினசரி காலண்டரைப் பார்த்துத் தேதி குறியுங்கள். நல்ல நாளுக்காக இல்லை, அமாவாசை, பௌர்ணமிக்காக. அந்த நாட்களையொட்டிக் கடல் நன்றாக ஏறும், நன்றாக வற்றும். நீலில் இருக்கும் இயற்கைப் பாறைப் பாலத்துக்கு நீர் வற்றும் நேரத்தில்தான் நடந்து போகமுடியும். ஒரு வற்றத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். அதாவது இன்று காலை 8 மணிக்கு வற்றினால் நாளை 8.50 வாக்கில். தங்கும் இடத்தில் சாவி வாங்கும்போதே வற்றம் எப்போது என்று கேட்டுவிடுங்கள். சாப்பாட்டு நேரத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். பாறையில் நடக்க ரப்பர் செருப்பு வேண்டாம், வழுக்கும். பழைய கான்வாஸ் ஷூ போதும். உயிருள்ள பவளத்தின் மேல் மட்டும் கால் வைக்காதீர்கள்.

3. நீலுக்குப் படகேறும் போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) அருகே வண்டூரில், 1983இல் அறிவிக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா இருக்கிறது. அதற்குள்தான் ஜாலிபாய் தீவு. ஆண்டு முழுக்கத் திறந்திருக்காது, திங்கட்கிழமை விடுமுறை, முன் அனுமதியும் அடையாள அட்டையும் வேண்டும். இதையெல்லாம் பயண ஏற்பாட்டாளரே சொல்லிவிடுவார். அவர் அழுத்திச் சொல்லாதது பிளாஸ்டிக் சோதனை. படகேறும் முன் பையைத் திறந்து பார்க்கிறார்கள். முதல் முறை என் பையிலிருந்து பிஸ்கட் பாக்கெட், சிப்ஸ், ஷாம்பு சாஷே, மாமியாரின் மாத்திரை போட்ட கவர் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தபோது பின்னால் வரிசையே நின்றது. அடுத்த முறை முந்தின இரவே எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். பிஸ்கட் எவர்சில்வர் டப்பாவில், புளியோதரை வாழை இலையில் கட்டி மேலே செய்தித்தாள், தண்ணீர் செம்பு பாட்டிலில், ஈரத்துணிக்கு மஞ்சப்பை. இரண்டே நிமிடத்தில் படகுக்குள் இருந்தோம். தீவில் கடை கிடையாது. புளியோதரைக்கு அன்று இருந்த மதிப்பு வேறு.

4. சிப்பி பொறுக்காதீர்கள். குழந்தைகளிடம் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். பவளம் வனவிலங்குச் சட்டத்தில் புலி இருக்கும் அதே முதல் பட்டியலில் இருக்கிறது. செத்த துண்டானாலும் விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்க வைப்பார்கள். எங்கள் பெண் 'ஒரே ஒரு சங்கு' என்று அறைக்குக் கொண்டுவந்து சோப்பு டப்பாவில் வைத்தாள். ராத்திரி டப்பாவுக்குள் டொக் டொக் என்று சத்தம். உள்ளே துறவி நண்டு குடியிருந்தது. டார்ச் அடித்துக்கொண்டு போய் விட்டுவந்தோம்.

5. படகுப் பயணம் ஒத்துக்கொள்ளாதவர்கள், டாக்டரிடம் கேட்டு வைத்த குமட்டல் மாத்திரையைப் படகு கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். வாந்தி வந்தபின் போட்டால் அதுவும் வெளியேதான் போகும். வெறும் வயிறும் வேண்டாம், பூரியும் வேண்டாம். இரண்டு இட்லி. உட்கார நடுப்பகுதி, அங்கே ஆட்டம் குறைவு.

6. காலில் ஒட்டிய மணலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அறை முழுக்கச் சேறு. கால் காய்ந்ததும் முகப்பவுடரைத் தூவித் துணியால் தட்டுங்கள், உதிர்ந்துவிடும்.

7. கடல்நீர் பட்ட துணியை அன்றே நல்ல தண்ணீரில் அலசுங்கள். இல்லாவிட்டால் உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டு காயவே காயாது, ஜிப்பும் துருப்பிடிக்கும். தீவில் நல்ல தண்ணீர் அருமை, ஒரே வாளியில் எல்லாவற்றையும் முக்கியெடுத்தால் போதும்.

8. விடியலிலும் அந்தியிலும் மணல் ஈ கடிக்கும், கண்ணுக்கே தெரியாது. வெறும் மணலில் உட்காராமல் கனமான போர்வை விரித்துக்கொள்ளுங்கள். கை காலில் தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவினால் ஓரளவு தப்பலாம். கடித்தபின் சொறிந்தால் வாரக்கணக்கில் தழும்பு நிற்கும்.

9. சொறி என்கிற ஜெல்லி மீன் பட்டு எரிந்தால் நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், மணல் போட்டும் தேய்க்காதீர்கள், எரிச்சல் கூடும். கடல்நீராலேயே அலசிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சு முட்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது.

10. கையில் ரொக்கம் வேண்டும். சிக்னல் கண்ணாமூச்சி ஆடும் இடத்தில் போன் பணத்தை நம்பி இளநீர் வெட்டச் சொல்லாதீர்கள். நான் சொன்னேன், வெட்டியவர் அரிவாளோடு சிரித்துக்கொண்டே நின்றார், என் போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

11. நீலை முதலில் பார்த்துவிட்டு, போர்ட் பிளேரைக் கடைசிக்கு வையுங்கள். காற்றடித்தால் படகை நிறுத்திவிடுவார்கள், விமானம் நமக்காகக் காத்திருக்காது. எங்களுக்கு அப்படி ஒருநாள் கூடுதலாக நீலில் கழிந்தது; டிக்கெட் பணம் போனது, அன்றைக்குத்தான் அந்தப் பாறைப் பாலத்தைப் பார்த்தோம்.