காஞ்சியில் சனி, ஞாயிறு

கேள்வி: மலேசியாவில் பிறந்து வளர்ந்தவள் நான். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமப் பள்ளியில் மூன்று மாதம் சம்பளமில்லாமல் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்திருக்கிறேன். கூட வந்தவர்கள் சனிக்கிழமை விடிந்தால் திருப்பதி, புதுச்சேரி என்று கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு இந்த ஊரிலேயே நிதானமாகச் சுற்ற ஆசை. ஆனால், ‘நெசவு பார்க்கலாம் வாங்க’ என்று யாராவது பட்டுக்கடைக்குத்தான் அழைத்துப் போகிறார்கள். புடவை வாங்க வசதியில்லை. வாங்காமல் நெசவாளர் வீட்டுக்குப் போனால் தப்பாக நினைப்பார்களா?
- ஒரு வாசகி, பினாங்கு

பதில்: நினைக்க மாட்டார்கள். யார் மூலமாகப் போகிறீர்கள் என்பதுதான் முக்கியம். தரகர் அழைத்துப் போனால், நீங்கள் வாங்கினால்தான் அவருக்குக் கமிஷன். அங்கே மூலையில் பார்வைக்கு ஒரு தறி இருக்கும். அதைப் பார்த்துவிட்டு நெசவைப் பார்த்ததாகக் கணக்கு வைக்காதீர்கள். உங்கள் பள்ளியிலேயே விசாரியுங்கள். சத்துணவு சமைக்கும் அக்காவுக்கோ ஏதாவது ஒரு பிள்ளைக்கோ சொந்தத்தில் தறிக்காரர் இருப்பார். ‘எங்க ஸ்கூல் டீச்சர்’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், உங்களிடம் யாரும் புடவையை விரித்துக் காட்ட மாட்டார்கள், காபிதான் வரும்.

சனிக்கிழமை வெயில் ஏறுவதற்கு முன் பிள்ளையார்பாளையம் போய்விடுங்கள். மழையில்லாத நாளில், பட்டுப் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவதைப் பார்க்கலாம். அறுந்த இழையைக் கண்டுபிடித்து விரல் நுனியால் முறுக்கி முடிந்துகொண்டே போவார்கள். ஓரமாக நின்று பாருங்கள், பாவின் மேல் கை வைக்காதீர்கள்.

வீட்டுக்குள் தறி குழியில் இருக்கும். நெய்பவர் குழிக்குள் காலை விட்டு மிதி மிதிப்பார். கோர்வைப் புடவை என்றால் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடா ஓடும். ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ளிக்கொடுக்க இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். கரையும் உடலும் சேரும் இடத்தில் இரண்டு ஊடை இழைகளும் ஒன்றையொன்று பிணைத்துக்கொள்வதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். காஞ்சிப் பட்டின் பெயர் அந்தப் பிணைப்பில்தான் நிற்கிறது. அந்தப் பக்கத்து இருக்கையில் ஒருகாலத்தில் சிறுவர்களை உட்கார வைத்தார்கள். பெற்றவர்கள் வாங்கிய முன்பணத்துக்காகப் பள்ளிக்கூடம் போகாமல் கோர்வை இழுத்த பிள்ளைகள் இந்த ஊரில் ஏராளம். அதை மாற்றப் பலர் பல ஆண்டுகள் பாடுபட்டார்கள். பாடம் சொல்லிக்கொடுக்க வந்திருக்கும் நீங்கள் இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

இன்னொன்று. நெசவாளர்களுக்குப் புடவைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு புடவைக்குப் பத்து நாளும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். தறி நின்றால் கூலியும் நின்றது. ஆகவே கேள்விகளைச் சாப்பாட்டு நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். போட்டோ எடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். தறியில் இருப்பது வெளியே தெரியக் கூடாத புது டிசைனாக இருக்கலாம். போகும்போது பூவும் பழமும் வாங்கிப் போங்கள், பணம் நீட்டாதீர்கள்.

அங்கிருந்து கைலாசநாதர் கோயில் பக்கம்தான். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பியது. பிராகாரச் சுவரை ஒட்டி வரிசையாகச் சிற்றாலயங்கள். சிலவற்றில் பழைய ஓவியத்தின் வண்ணம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காலையில் கூட்டமும் இருக்காது.

நண்பகலில் பெரும்பாலான கோயில்கள் நடை சாத்திவிடுவார்கள், திறக்க நாலு மணியாகும். வெளியூர்க்காரர்கள் சலித்துக்கொள்ளும் நேரம் இது. நீங்கள் வரகுவாசல் தெருவுக்குப் போங்கள். அண்ணா வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. 1909-இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் 1967-இல் முதலமைச்சரானார். காலையில் தறி பார்த்துவிட்டு மதியம் அந்த வீட்டுக்குள் நுழைந்தால் இந்த ஊரின் அரசியல் கொஞ்சம் பிடிபடும்.

ஞாயிற்றுக்கிழமை மாலையைச் சின்ன காஞ்சிபுரத்துக்குக் கொடுங்கள். வரதராஜப் பெருமாள் கோயிலில் நூற்றுக்கால் மண்டபத்தின் மூலைகளில் தொங்கும் கல் சங்கிலியைப் பாருங்கள். பக்கத்துக் குளத்துக்குள் அத்திமரப் பெருமாளான அத்திவரதர் இருக்கிறார். 2019-இல் 48 நாள் வெளியே வந்தார், இனி 2059-இல்தான். சுக்கும் மிளகும் சீரகமும் போட்டு, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் வேகவைக்கும் காஞ்சிபுரம் இட்லி இந்தப் பெருமாளுக்கு நைவேத்தியம். கிடைத்தால் விடாதீர்கள். வேற்று மதத் தோழிகள் கூட வந்தால், சந்நிதிக்குள் அனுமதியில்லை என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

ஏகாம்பரநாதர், காமாட்சி, வைகுண்டப் பெருமாள், திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயில் எல்லாம் அடுத்தடுத்த வாரங்களுக்கு இருக்கட்டும். மூன்று மாதம் இருக்கிறது உங்களுக்கு. ஒரு நாளைக்கு ஒரு கோயில் போதும். அதைவிட, போன வாரம் போன அதே தெருவுக்கே மறுபடி போங்கள். அதே புடவை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்ப்பதில் உள்ள நிறைவு பத்துக் கோபுரங்களை எண்ணுவதில் இல்லை.

ஊர் திரும்பும் முன் அம்மாவுக்கு ஒரு புடவை எடுக்கலாம் என்று மனம் மாறினால், அறிஞர் அண்ணா, முருகன் போன்ற நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடைகளுக்குப் போங்கள். பட்டு முத்திரை இருக்கிறதா, ஜரிகை எந்தத் தரம் என்று கேட்டு, பில் போட்டு வாங்குங்கள்.