அந்தமான் பையில் எந்த லென்ஸ்?

டிசம்பர் பிறந்துவிட்டால் டெல்லி ஜனக்புரியில் பரணிலிருந்து சூட்கேஸ்கள் இறங்கும். சொந்த ஊருக்குப் போக அரசு தரும் எல்.டி.சி. பயணத்துக்குப் பதிலாக அந்தமானுக்கு விமானத்திலேயே போய்வரலாம் என்ற சலுகை மத்திய அரசு ஊழியர்களுக்கு உண்டு என்பதால், பனிமூட்டத்தை விட்டுக் கடலைப் பார்க்கக் கிளம்பும் தமிழ்க் குடும்பங்களுக்கு இங்கே குறைவில்லை. கேமராவைப் பற்றிய யோசனைகளுக்கும் குறைவில்லை. டி.டி.இ.ஏ. தமிழ்ப் பள்ளி வாசலில் கிடைக்கும், மெட்ரோவில் கிடைக்கும், சாந்தினி சௌக்கில் கூச்சா சௌத்ரி கேமராக் கடைகளில் பொருளோடு சேர்த்தே கிடைக்கும். அவற்றில் நம்பக் கூடாதவை சில.

"வெயில் பட்டாதான் கேமரா கெடும். ஓட்டல் ஏ.சி. ரூம்லயே வச்சிருங்க."

இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். 45 டிகிரியைத் தொடும் டெல்லி வெயிலைத் தாங்கிய கேமராவுக்கு அந்தமானின் 30 டிகிரி ஒரு பொருட்டில்லை. பார்க்க வேண்டியது ஈரத்தை. 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் கொண்ட காற்று, 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பரப்பைத் தொட்டாலும் நீராகப் படியும். இரவெல்லாம் ஏ.சி. 22-ல் ஓடியிருக்கும். காலையில் கேமராவோடு வராந்தாவுக்கு வந்ததும் லென்ஸ் வெளுத்துப்போகும். துடைத்தால் மறுபடி படியும். அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றினால் சென்சார் மேலேயே ஈரம் இறங்கும். அறைக்குள் இருக்கும்போதே கேமராவை ஜிப் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி மூடிவிடுங்கள். வெளியே வந்தபின் அரை மணி நேரமாவது பையைத் திறக்க வேண்டாம். ஈரம் பையின் மேல் படிந்துவிட்டுப் போகட்டும். இந்தப் பயணத்துக்கு வாங்க வேண்டியவற்றில் மிக மலிவானதும் மிக உபயோகமானதும் இந்தப் பைதான்.

"ஒரு வாரம் கடலோரம் இருந்தா லென்ஸ்ல பூஞ்சை பிடிச்சிடும். அரிசி டப்பால போட்டு வைங்க."

ஒரு வாரத்தில் பூஞ்சை வளர்வது அரிது. ஈரத்தோடு ஊர் திரும்பி, கேமராவைத் தோல் உறைக்குள் போட்டு அலமாரியில் பூட்டி, அடுத்த ஜூலை மழைவரை மறந்துவிடுகிறோமே, வளர்வது அப்போது. ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டிய இருட்டான, காற்றோட்டமில்லாத இடம்தான் அதற்கு வேண்டும். அரிசியில் ஏற்கெனவே ஈரம் இருக்கிறது, மாவுத்தூசியும் உண்டு. சிலிக்கா ஜெல் வேலை செய்யும், ஆனால் காற்றுப் புகாத டப்பாவில் மட்டும். திறந்த பையில் போட்டால் அறைக் காற்றையெல்லாம் குடித்துச் சீக்கிரமே ஓய்ந்துவிடும். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் சரக்கு தீர்ந்தது என்று பொருள்.

தோல் உறைமேல் நமக்கு இருக்கும் பிரியம் அந்தக் காலத்து வெள்ளைக்காரனுக்கே இல்லை. நூறு வருடங்களுக்கு முன்பு ஆங்கிலேய, ஜெர்மன் கம்பெனிகள் வெப்ப நாடுகளுக்கென்றே தேக்குமரத்தில் பித்தளைக் கட்டு போட்ட கேமராக்களைச் செய்து விற்றன. இந்த ஈரத்தில் தோலும் பசையும் நிற்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

"போன் ஐ.பி.68. தாராளமா கடல்ல இறங்கலாம்."

ஐ.பி.68 என்ற நீர்க்காப்புத் தரத்துக்கான சோதனை நடப்பது அசையாத நல்ல தண்ணீரில். ஐபோன் 15-க்குச் சொல்லப்படும் 6 மீட்டர், 30 நிமிடமும் அந்தக் கணக்குதான். அலை வீசும் உப்புத் தண்ணீருக்கு அந்த உறுதி செல்லாது. சார்ஜர் துளையில் உப்பு உலர்ந்தால் அரிப்பு தொடங்கும். மழைக்குத் தாங்கும் என்று விற்கப்படும் பெரிய கேமராவிலும் லென்ஸ் பூட்டும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால் பாதிப் பாதுகாப்பு போனது. உப்புச் சாரல் பட்டால் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், உப்புத் துகள் கீறும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஸ்வராஜ் த்வீப்பில், அதாவது பழைய ஹேவ்லாக்கில், ஸ்கூபா இறங்குபவர்களுக்கு ஒன்று: கோப்ரோ தனியாகத் தாங்குவது 10 மீட்டர்வரை. அதற்குமேல் கூடு வேண்டும்.

யூ.வி. பில்டர் கட்டாயம் என்பார்கள். அது பிலிம் காலத்துத் தேவை. டிஜிட்டல் சென்சாருக்கு முன்னால் உள்ள கண்ணாடியே அந்தக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. சாரலுக்குக் கவசமாக மாட்டினால் சரி. காசைச் செலவழிப்பதென்றால் போலரைசரில் செலவழியுங்கள். நீரின் மேல் பளபளப்பை அது வெட்டி, அடியில் உள்ள பவளத்தைக் காட்டும். எந்த மென்பொருளும் பிறகு அதைச் செய்து தராது.

"இருக்கற லென்ஸ் எல்லாம் எடுத்துட்டுப் போயிடுங்க, எது எப்ப வேணும்னு தெரியாது." படகில், சாரலில் நின்றுகொண்டு லென்ஸ் மாற்றுவதைவிட ஒரே ஜூமோடு போவது மேல். கைப்பைக்குப் பல விமானங்களில் 7 கிலோதான். சிடியா தாப்புவில் பறவைக்காகவே போகிறவருக்கு நீள லென்ஸ் வேண்டும், மற்றவருக்கு அது தோள்வலி. உதிரி பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. 20,000 எம்.ஏ.எச். என்றால் சுமார் 74 வாட்-மணி. அனுமதி கேட்காமல் கொண்டுபோகும் வரம்பு 100.

டெல்லிக் கணக்கில் ஐந்தரை மணிக்குச் சூரிய அஸ்தமனம் எடுக்கக் கிளம்பினால் முக்காலிக்கு வேலையிருக்காது. அந்தமான் வெகு கிழக்கே இருந்தும் நம் கடிகாரத்தையே பின்பற்றுவதால், டிசம்பரில் ஐந்து மணியை ஒட்டியே சூரியன் போய்விடும். அந்தி வெளிச்சமும் வெகுநேரம் நிற்காது.

"ஜாரவா மக்களைத் தூரத்துலேர்ந்து டெலி லென்ஸ்ல எடுத்தா தப்பில்ல." தப்புதான். பழங்குடியினர் பாதுகாப்புக்கான 1956-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டம் அங்கே நடைமுறையில் இருக்கிறது. அவர்களைப் படம் எடுப்பது தண்டனைக்குரிய குற்றம், தூரம் கணக்கில் வராது. பாராடாங் போகும் வழியில் அவர்கள் வாழும் காட்டுக்குள் நுழைய, ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வாகன அணிவகுப்பு கிளம்பும்போதே கேமரா பைக்குள் போய்விட வேண்டும். பாராடாங்கில் இறங்கி, படகில் சதுப்புக்காட்டு ஓடையைக் கடந்து சுண்ணாம்புக் குகைக்குப் போனபின் எடுத்தால் போதும். குகைக்குள் இருட்டு. சின்ன டார்ச்சும், ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டத் தெரிந்த விரலும் அங்கே எந்த டெலி லென்ஸையும்விட உதவும்.