கையேட்டில் இல்லாத பாடம்



டிப்ளமோ முடித்ததும் நம்மில் பலர் அப்ரண்டிஸாகப் போகப் போகிறோம். 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் 1973-இல் திருத்தப்பட்டபோது டிப்ளமோ படித்தவர்களும் அதில் சேர்க்கப்பட்டார்கள். சரி, தொழிற்சாலைக்குள் போன பிறகு யாரிடம் கற்பது? எப்படிக் கற்பது? ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் செய்தவர்களிடம் இதற்குப் பதில் இருக்கிறது.

அமெரிக்காவின் ஜெராக்ஸ் கம்பெனி தன் டெக்னீஷியன்களுக்குக் கையேடு கொடுத்திருந்தது. மெஷின் காட்டும் பிழை எண்ணைப் பார், கையேட்டில் உள்ளபடி செய். அவ்வளவுதான்! ஆனால் நடைமுறை வேறு. 1980-களில் ஜூலியன் ஆர் என்ற மானிடவியலாளர் டெக்னீஷியன்கள் கூடவே சுற்றி இதைக் கவனித்தார். ஒரே மாடலாக இருந்தாலும் ஒவ்வொரு மெஷினும் ஒவ்வொரு விதமாக மக்கர் பண்ணும். கையேடு கைவிட்ட இடத்தில், அவர்கள் தங்களுக்குள் பேசிப் பேசியே கோளாறைப் பிடித்தார்கள். சாப்பாட்டு நேரத்தில், முன்பு பார்த்த மெஷினைப் பற்றி ஒருவர் ஆரம்பித்தால் அது வெறும் அரட்டை இல்லை, அதுதான் வகுப்பு! இந்த ஆய்வு 1996-இல் நூலாகவும் வந்தது.

ஆனால் ஒரு மேஜைப் பேச்சு அடுத்த ஊருக்குக் கேட்காதே? அதற்குத்தான் 1990-களில் அதே கம்பெனி 'யுரேகா' என்ற கம்ப்யூட்டர் ஏற்பாட்டைப் பிரான்சில் தொடங்கியது. ஒரு டெக்னீஷியன் தான் கண்ட வழியை எழுதி அனுப்புவார். அனுபவசாலிகள் சரிபார்ப்பார்கள். பிறகு எழுதியவர் பெயரோடு எல்லோருக்கும் போய்ச் சேரும். கம்ப்யூட்டர் பேச்சை நிறுத்தவில்லை. தூரமாகக் கொண்டு போனது. தொழில்நுட்பத்தின் வேலை அதுதான்.

நாம் செய்ய வேண்டியவை மூன்று.

1. கேளுங்கள். நாம டிப்ளமோ, அவர் ஐ.டி.ஐ. தானே என்ற நினைப்பு வேண்டாம். இருபது வருஷம் மெஷினோடு பழகிய ஃபிட்டர் அண்ணன்தான் நமக்கு அங்கே வாத்தியார்.

2. எழுதுங்கள். என்ன கோளாறு, என்ன காரணம், என்ன செய்தோம், சொல்லிக் கொடுத்தவர் யார் என்று அன்றன்றே நோட்டில் குறித்து வையுங்கள்.

3. பகிருங்கள். இன்று எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. ஆனால் அனுமதி வாங்கி, விஷயம் தெரிந்தவர் பார்த்துச் சரி என்ற பிறகே அனுப்புங்கள். தப்பான யோசனை ஒருவர் விரலையே வாங்கிவிடும்.

அந்த அண்ணன் ஒருநாள் ரிடையர் ஆவார். அவர் கற்றதெல்லாம் அவரோடு கேட்டைத் தாண்டிப் போகுமா, ஷாப்பிலேயே தங்குமா? அது அவர் பக்கத்தில் நிற்கப்போகும் நம் கையில்தான் இருக்கிறது நண்பர்களே!