வைக்கோலை வீணாக்காமல் தீனியிடும் முறை

திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டைக்கும் இடையேயுள்ள வேப்பம்பட்டில் வயல்கள் பல வீட்டுமனைகளாக மாறிவிட்டன. முன்னர் நம் களத்திலேயே போரடித்து வைக்கோற்போர் போட்டோம். இன்றோ இயந்திர அறுவடைக்குப் பின் உருளையாகச் சுருட்டிய கட்டுகளை விலை கொடுத்து வாங்குகிறோம். காசு கொடுத்து வாங்கிய பொருளை மாட்டின் காலடியில் கொட்டலாமா?

ஒரு பசுவுக்கு நாளொன்றுக்கு 5 கிலோ வைக்கோல் இடுவதாகக் கொள்வோம். அதில் 1 கிலோ மிதிபட்டுச் சாணத்தோடு கலந்தால், மாதத்தில் 30 கிலோ குப்பைக்குழிக்குப் போகிறது. அஃதாவது, ஆறு நாள் தீனி வீணாகிறது. இதனைத் தடுக்கும் வழிகளை ஆராய்வோம்.

முதலாவது, தரையில் இடலாகாது. மேல்நாடுகளில் மேய்ச்சல் வெளியில் நிற்கும் குதிரைகளுக்கு உலர்ந்த புல்லை வலைப்பையில் கட்டித் தொங்கவிடுகின்றனர், சட்டங்களிலும் வைக்கின்றனர். நாம் சவுக்குக் கழிகளால் ஏணி போன்ற இரண்டு சட்டங்கள் செய்து, அடி குறுகியும் மேல் விரிந்தும் நிற்குமாறு பிணைத்து, நடுவே வைக்கோலை இடலாம். கழிகளுக்கிடையே வாய் நுழைய வேண்டும். தலை நுழையக் கூடாது. கீழே ஒரு தொட்டி இருந்தால் உதிரும் கூளமும் வீணாகாது.

இரண்டாவது, பல மாடுகள் ஒன்றாக நிற்குமிடத்தில் ஒரே குவியலாக இடலாகாது. வலிய மாடு முட்டி விரட்ட, இளைத்த மாடு பட்டினி கிடக்கும். மாடுகளின் எண்ணிக்கையைவிட ஓரிடம் கூடுதலாக, இடைவெளி விட்டு வைத்தால், விரட்டப்பட்ட மாடும் வேறிடத்தில் தின்னும்.

மூன்றாவது, நாள் தீனியை ஒரே வேளையில் போடாமல் பகுத்து இடவேண்டும். சிறு துண்டுகளாக நறுக்கிப் பசும்புல்லோடு கலந்தால், மாடு பொறுக்கித் தின்று மிச்சம் வைப்பது குறையும்.

நான்காவது, ஐப்பசி, கார்த்திகை மழையில் வைக்கோல் நனையலாகாது. கற்களின்மேல் மரக்கட்டைகளைப் பரப்பி அடுக்கி, மேலே மூடவேண்டும். பூஞ்சை பிடித்ததைச் சிக்கனம் கருதி இடுவது பெருந்தவறு. வட இந்தியாவின் நெல் விளையும் பகுதிகளில் எருமைகளின் வாலும் காதும் குளம்படியும் அழுகும் தெக்நாலா என்னும் நோய்க்குப் பூஞ்சை பிடித்த வைக்கோலே காரணமெனக் கருதப்படுகிறது. குதிரைக்கோ அத்தகைய தீனி கடும் வயிற்றுவலியை உண்டாக்கக் கூடும்.

வைக்கோல் வயிற்றை நிரப்புமேயன்றிப் பாலைப் பெருக்காது. அதிலுள்ள புரதம் நூற்றுக்கு 3 அல்லது 4 பங்கே. ஆகவே பசுந்தீவனமும் பிண்ணாக்கும் தாது உப்புக் கலவையும் உடன் வேண்டும்.

நறுக்கும் இயந்திரத்தைத் தனியொருவர் வாங்குதல் அரிது. பலர் கூடினால் எளிது. அறுவடைக் காலத்திலேயே வைக்கோலைச் சேர்ந்து வாங்குவதும் அவ்வாறே. அங்கத்தினர்கள் முதலில் ஒரு மாதம் தத்தம் தொழுவத்தில் மிஞ்சும் கூளத்தை நாள்தோறும் நிறுத்துப் பார்ப்பார்களாக. நட்டம் எவ்வளவு என்பதைத் தராசே சொல்லும்.