எட்டாத விலையும் ஒரு தடைதான்

கேள்வி: மது விலையை ஏற்றுகிறார்கள், கடைகளைக் குறைக்கிறார்கள். மதுவிலக்கு என்று மட்டும் சொல்வதில்லை. இது குடியைக் குறைக்கும் முயற்சியா, மறைமுகத் தடையா?
– ஒரு வாசகர், மதுராந்தகம்

பதில்: யாருக்கு என்பதைப் பொறுத்தது. குவார்ட்டருக்குப் பத்து ரூபாய் ஏறினால் மாதச் சம்பளக்காரர் முணுமுணுத்தபடி வாங்கிவிடுவார். அன்றாடக் கூலிக்காரருக்கு அது எட்டாமல் போகலாம். அவரளவில் அது தடையேதான். ஆனால் குடிநோய் விலையைப் பார்த்து விலகிவிடாது. டாஸ்மாக் திறக்கும் பகல் 12 மணிக்கு முன்பே, அதைவிட மலிவாகச் சாராயம் எங்கே கிடைக்கும் என்று தேடவைக்கும்.

2023 மே மாதம் உங்கள் பக்கத்துச் சித்தாமூர் வட்டாரத்திலும் மரக்காணத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அப்போது மதுவிலக்கு அமலில் இல்லை என்பதை நாம் மறக்கக் கூடாது. அடுத்த மாதமே அரசு 500 டாஸ்மாக் கடைகளை மூடியது. மூடியதை வரவேற்கிறேன். ஆனால் அந்தக் கடைகளுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்கவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. விபத்தைக் குறைக்க வந்த நல்ல தீர்ப்பு. ஆனால் சாலையோரக் கடைகள் பல குடியிருப்புகளுக்குள் நகர, 2017 முழுக்கப் பெண்கள் தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது.

விலையேற்றமோ கடைமூடலோ, கூடவே வட்ட மருத்துவமனையில் குடிநோய்க்குச் சிகிச்சையும் படுக்கையும் இருந்தால் அதை அக்கறை என்பேன். இல்லாவிட்டால் அது ஏழைக்கு மட்டுமான மதுவிலக்கு.